ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி

கத்தரியக்காவின் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலாளியில் தொடங்கி மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் கத்தரியக்கா. இருபத்தோரு வருடங்களாக அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், நாளை ஊர் பார்க்கப்போவதை இன்றே உட்கார்ந்து பார்ப்பது அவர் வேலை. சிகரெட் வந்தால் புகையை மங்கலாக்குவார். கெட்ட வார்த்தை வந்தால் அதன் தலையில் ஒரு 'பீப்' வைப்பார். முத்தம் வந்தால், உதடுகள் நெருங்கும் முன்பே நிறுத்திவிட்டுத் திரைச்சீலை பறக்கும் காட்சி ஒன்றை ஒட்டச் சொல்வார். ஒட்டுவது எடிட்டரின் வேலை. அவருக்குப் பசை என்று பெயர். கத்தரியும் பசையும் சேர்ந்தால்தான் அந்த மாடியில் சாயங்காலம் ஆகும்.

அக்காவின் மேசைக்கு எதிரே பதினெட்டு விதிகள், பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டப்பட்டிருந்தன. அவருக்கு அவை எண்களாகவே மனதில் பதிந்துவிட்டன. கல்யாண வீட்டில் யாராவது குடித்துவிட்டு வந்து உளறினால், கணவரின் காதருகே குனிந்து "விதி நாலு" என்பார். கணவரும் எழுந்து அந்த ஆளைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே உட்கார வைப்பார். நாத்தனாருக்கு இதிலெல்லாம் ஒரே கேலி.

"அண்ணி வர்றாங்க, டிவிய அணைங்கடி. இல்லேன்னா பாதிப் படம் காணாமப் போயிரும்."

அக்கா கோபித்துக்கொண்டதில்லை. அவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. இத்தனை வீட்டுக்குள் அழுக்கு போகாமல் வாசலில் நின்று பார்ப்பவள் நான் என்ற பெருமை. மகளுக்குக் கல்யாணமாகி அவள் வேறு ஊர் போன பிறகு, அந்தப் பெருமைதான் அவரைக் காலையில் எழுப்பி பஸ் ஏற்றியது.

அந்தச் சேனலில் நான்கு மணிக்குப் பிள்ளைகளுக்கான ஒரு நாடகம் போய்க்கொண்டிருந்தது. சுண்டெலி என்று ஒரு வாண்டு. ஒவ்வொரு நாளும் ஒரு சேட்டை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பகுதியில் கண்ணாமூச்சி ஆட்டம். சுண்டெலி பழைய பெரிய பெட்டி ஒன்றுக்குள் புகுந்துகொள்கிறான். மூடி விழுகிறது. கொண்டி தானாக மாட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு வசனகர்த்தா எழுதியிருந்தது, அவனைத் தேடுகிற காட்சி. பெட்டியைத் திறக்கிறார்கள். பிள்ளை கண் திறக்கவில்லை. தாய் அலறுகிறாள். ஆஸ்பத்திரி, முகத்தில் ஒரு குழாய், ராத்திரி முழுக்க வராந்தாவில் நிற்கும் அப்பா. பிறகு பிழைத்துக்கொள்கிறான்.

அந்தத் தாயின் அலறல் ஹெட்ஃபோனுக்குள் காது கூசும்படி வந்தது. அக்கா ஹெட்ஃபோனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டு விதித்தாளைப் பார்த்தார். ஏழாம் விதி: குழந்தைகள் நேரத்தில் மயங்கிய குழந்தை, மருத்துவமனை, அலறல் கூடாது. பதிவேட்டில் எழுதினார்: 'பகுதி 212. 14:08 முதல் 16:00 வரை. விதி 7. நீக்கம்.' ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்.

பசை தன் வேலையைச் சுத்தமாகச் செய்தார். மூடி விழுந்ததும் விளம்பரம். விளம்பரம் முடிந்ததும் சுண்டெலி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு வேறொரு காட்சிக்காக எடுத்தது. "எங்கடா போயிருந்த இவ்வளவு நேரம்?" என்று அக்காக்காரி கேட்கிறாள். "யாருக்கும் தெரியாத எடத்துல!" என்கிறான். அதுவும் வேறெங்கோ இருந்த வசனம்தான். ஒட்டுத் தெரியவில்லை. அந்த வாரமே ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் எதைக் கேட்டாலும் "யாருக்கும் தெரியாத எடத்துல!" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டன. மேனேஜர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் போயிற்று. சேனலில் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். சுண்டெலிக்கு ஒரு படம் வரைந்து அனுப்ப வேண்டும். வந்த படங்களில் தப்புத்தண்டா எதுவும் இல்லையா என்று பார்த்து முத்திரை குத்துவதும் அக்காவின் தலையில் விழுந்தது. ஒரு புதன்கிழமை காலை கட்டைப் பிரித்தார். மாடியில் நிற்கும் சுண்டெலி, சரி. நாய்க்குக் கண்ணாடி மாட்டும் சுண்டெலி, சரி. ஒரு பெட்டி, அதற்குள் ஒரு பிள்ளை, சரி. சைக்கிள், சரி. மறுபடி பெட்டி. அதற்கும் முத்திரை குத்திவிட்டார். நாலாவது பெட்டி வந்தபோது முத்திரை பிடித்த கை மேலேயே நின்றது.

மொத்தம் அறுபத்து மூன்று படங்கள். பெட்டிகளைத் தனியாக எடுத்து வைத்தார். பத்தொன்பது. பெட்டியைப் பக்கவாட்டில் அறுத்துக் காட்டியதுபோல் வரைந்திருந்தார்கள். உள்ளே காலை மடக்கிப் படுத்திருந்த பிள்ளை சிரித்தது. பெட்டிக்கு மேலே சூரியன், பக்கத்தில் பூ. பாதிப் படங்களில் உள்ளே இருப்பது சுண்டெலி இல்லை. ரெட்டைச் சடை போட்டிருந்தது, கண்ணாடி போட்டிருந்தது, முன்பல் இல்லாமல் இருந்தது. வரைந்த பிள்ளை தன்னையே உள்ளே வைத்திருந்தது. ஒரு படத்தில் கட்டிலுக்கு அடியில் ஒரு சூட்கேஸ். ஓரத்தில் தங்க நிறத்தில் இரண்டு பூட்டு. கீழே கோணல்மாணலாக: 'ஒரு தடவை ட்ரை பண்ணேன். கால் மட்டும் வெளிய இருக்கு.'

அக்கா அந்தத் தாளைத் திருப்பினார். பெயரின் முதல் எழுத்தும் வயதும் மட்டும் இருந்தன. பிள்ளைகளிடம் முகவரி வாங்கக் கூடாது. அது பதினைந்தாம் விதி. போன வருடம் அவரே வற்புறுத்திச் சேர்க்க வைத்தது.

ஏ.சி. சத்தம் மட்டும் இருந்த அந்த அறையில், பத்தொன்பது பெட்டிகளும் மேசைமேல் மூடிக் கிடந்தன.

கேன்டீனில் வசனகர்த்தாவைப் பிடித்தார். காதோரம் பென்சில் செருகிய, எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மனிதர்.

"அந்தப் பெட்டிக் கதைய எதுக்குங்க எழுதினீங்க?"

"எதுக்குன்னா? பேப்பர்ல ஒரு சேதி படிச்சேன். கண்ணாமூச்சி ஆடப்போன புள்ள. ரெண்டு நாள் சோறு எறங்கல எனக்கு. அதான் எழுதினேன். அந்த ஆஸ்பத்திரிக் காட்சிக்காகத்தான் மொத்தப் பகுதியும். பெட்டி ஒரு சாக்கு."

"நான் அதை வெட்டினப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"இருபத்தோரு வருஷத்துல நீங்க வெட்டினத யாராவது கேள்வி கேட்டிருக்கமாக்கா? உங்களுக்கு விதி இருக்கு, எனக்கு வீட்டு வாடகை இருக்கு." டீயை ஊதினார். "ஆனா டிவில பாத்தப்ப, நான் எழுதாதத நான் எழுதின மாதிரி இருந்துது."

மேனேஜர் அக்காவை விடப் பதினைந்து வயது இளையவர், மரியாதையான ஆள். நாற்காலியை இழுத்துப் போட்டார். சனிக்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டை மறுஒளிபரப்புச் செய்கிறார்கள், பிள்ளைகள் ஓட்டுப் போட்டதில் அதுதான் முதலிடம் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

"அதுக்குத்தான் சார் வந்தேன். அதுல நான் வெட்டினத திரும்பச் சேக்கணும்."

"நீங்களா கேக்குறீங்க? ஜுரம் கிரம் இல்லியே?"

அக்கா படங்களை மேசைமேல் பரப்பினார். மேனேஜர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சூட்கேஸ் படத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"அழகா வரையுதுங்க," என்றார். பிறகு, "அக்கா, நாம பொழுதுபோக்குச் சேனல். நல்லது கெட்டது சொல்லித்தர வீடு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. பெட்டிக்குள்ள போனா மூச்சு முட்டும்னு நாமளா பாடம் எடுக்கணும்?"

"அப்ப முத்தம் குடுக்கக் கூடாதுன்னு மட்டும் இத்தன வருஷமா நாம பாடம் எடுத்தோமே சார்?"

"அது பாடம் இல்லக்கா. அபராதம் வராம இருக்க."

அக்காவுக்குத் தன் இருபத்தோரு வருடத்தை யாரோ இரண்டு வார்த்தையில் சுருட்டிக் கையில் கொடுத்ததுபோல் இருந்தது. மேனேஜருக்கும் சங்கடமாகிவிட்டது. வக்கீலையே கேட்டுவிடலாம் என்று ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

"யாராவது புகார் குடுத்திருக்காங்களா?" என்றது வக்கீலின் குரல்.

"இல்ல சார்."

"எங்கயாவது எதாவது ஆயிருக்கா?"

"நமக்குத் தெரிஞ்சு இல்ல."

"அப்ப கை வெக்காதீங்க. இப்பப் போய் மாத்தினா, முன்னாடி போட்டது தப்புன்னு நமக்கே தெரியும்னு ஆயிடும். தெரியாத வரைக்கும் நாம பொறுப்பில்ல."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்," என்றார் அக்கா.

வக்கீலின் குரல் மாறியது.

"யாரு அது பேசுறது?"

"நம்ம கத்தரியக்கா சார்."

"அவங்கள வெளிய அனுப்பிட்டு எனக்குக் கூப்பிடுங்க."

வீட்டில் கணவர் சோப்புப் போட்டு நகத்திலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு. அக்கா நடந்ததையெல்லாம் சொன்னார்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? பெத்தவங்க பாத்துக்க மாட்டாங்களா?"

"பாத்துப்பாங்க. பத்தொம்பது பேர் வீட்லயும் எல்லா நேரமும் பாத்துக்கிட்டே இருப்பாங்களா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். நகைச்சுவைக்கு ஏதாவது அகப்படுமா என்று தேடியதுபோல் இருந்தது. கிடைக்கவில்லை.

"எங்க வேலையில அப்படி விட முடியாது," என்றார். "கதவு முழுசா மூடாம லிஃப்ட் நகரக் கூடாது. பெரிய படிப்புப் படிச்சவன் வந்தாலும், கைய உள்ள விடுவான்னு நெனச்சுத்தான் செய்வோம். விட்டான்னா, ஏன்யா விட்டேன்னு அவன யாரும் கேக்க மாட்டான். என்னையத்தான் கேப்பான்." துண்டைக் கொடியில் போட்டார். "உங்க பெட்டியில மூடி இருக்கு, கதவச் சோதிக்கிறவன் இல்ல."

"இருந்தான். அவன நாந்தான் வெட்டிட்டேன்."

அன்றிரவு இருவரும் தொலைக்காட்சியைப் போடவில்லை.

வெட்டாத மூல நகலை நிலையத்தில் தொண்ணூறு நாள் வைத்திருப்பார்கள். எழுபத்தோராவது நாள், வெள்ளிக்கிழமை, அக்கா பசையின் அறைக்குப் போனார்.

"ஐயோ, கத்தரி கையில பசையா!" என்றார் அவர். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. "எம் பேரு எங்கயும் வரக் கூடாதுக்கா. மூணு புள்ள எனக்கு."

"மூணு புள்ள உனக்கு. அதான் உங்கிட்ட வந்தேன்."

பசை அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. தாயின் அலறலை இந்தத் தடவை அக்கா ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டார். பதிவேட்டில் தன் கையெழுத்தைப் போட்டு, காரணம் என்ற கட்டத்தில் 'விதி 7 இங்கே பொருந்தாது' என்று எழுதினார்.

சனிக்கிழமை நான்கே கால் மணிக்கு நிலையத்தின் ஃபோன்கள் அடிக்க ஆரம்பித்தன. திங்கட்கிழமை காலை, வந்த புகார்களை மேனேஜர் அவருக்கே வாசித்துக் காட்டினார். 'எங்க பொண்ணு ரெண்டு நாளா அழுறா.' 'பொழுதுபோக்குன்னு பேரை வெச்சிக்கிட்டுப் புள்ளைங்கள மிரட்டுறீங்களா?' ஒழுக்கம் காக்கும் சங்கம் ஒன்று, பிள்ளைகள் நேரத்தில் சாவைக் காட்டியவர் யாரென்று எழுத்தில் கேட்டிருந்தது. முன்பு ஒரு முத்தத்தை வெட்டியதற்காக அக்காவுக்கு நன்றிக் கடிதம் போட்ட சங்கம் அது.

"கொஞ்ச நாள் வீட்ல இருங்கக்கா. நாங்க கூப்பிடுறோம்."

"கூப்பிடுவீங்களா?"

மேனேஜர் பேனா மூடியைப் போட்டுத் திறந்தார்.

"அழுதுச்சுன்னு எழுதியிருக்காங்கல்ல," என்றார் அக்கா. "அழுத புள்ள பெட்டிக்குள்ள போகாது சார்."

ஹெட்ஃபோன், டப்பா, குடை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மதியம் மூன்று மணிக்குப் பஸ் ஏறினார். பள்ளி விட்ட நேரம். பஸ் முழுக்க வேர்த்த சீருடைகள். வேலை போனது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்ற நிம்மதி ஒன்று நெஞ்சில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

பின் இருக்கையிலிருந்து அந்தக் குரல் வந்தது. "யாருக்கும் தெரியாத எடத்துல!"

அக்கா திரும்பினார். ஏழு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை, கையில் அம்மாவின் ஃபோன். மூடி விழுகிறது. சாப்பாட்டு மேசையில் சிரிப்பு. இருபத்தெட்டு நொடித் துண்டு. யாரோ பெட்டி மூடும் இடத்தில் குபீர்ச் சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள். முடிந்ததும் அதுவே மறுபடி தொடங்கியது. மூலையில் பார்த்தவர்களின் எண்ணிக்கை, பதினோரு லட்சத்துச் சொச்சம். நிலையமே இரண்டு மாதம் முன்பு விளம்பரத்துக்காக ஊரெல்லாம் விட்ட துண்டு அது. அதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. அவர் அறைக்கு அப்படிப்பட்ட துண்டுகள் வருவதில்லை.

"கண்ணு, சனிக்கெழம டிவில இது பாத்தியா?"

"நாங்க டிவி பாக்க மாட்டோம். ஃபோன்தான்."

"அதுக்கப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? மூடி மூடிக்கிச்சா, அவனுக்கு மூச்சு விட முடியல. மயக்கமாயிட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க."

"இல்ல. சிரிச்சுட்டு வருவான். நூறு தடவ பாத்திருக்கேன்." குழந்தை அவருக்காக இன்னொரு தடவை ஓடவிட்டுக் காட்டியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்லயும் பெட்டி இருக்கு. தம்பிக்கு அந்த எடம் தெரியாது," என்றது.

தூங்கிக்கொண்டிருந்த தாய் விழித்துக்கொண்டாள். "யாருங்க நீங்க? கொழந்தகிட்ட மயக்கம், ஆஸ்பத்திரின்னு என்ன பேச்சு இது?"

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. நான் டிவில வேல பாக்குறேன். இந்தக் காட்சில ஒரு பகுதிய வெட்டிட்டாங்க. உங்க வீட்ல பெட்டி இருக்காமே, அதை மட்டும்..."

"ஓஹோ. இந்தக் கண்றாவியெல்லாம் காட்டுறது நீங்கதானா? காட்டுறதையும் காட்டிட்டு இப்ப பஸ்ல வந்து புத்தி சொல்றீங்களாக்கும். எம் புள்ளைய வளக்க எனக்குத் தெரியும்." குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள்.

அக்காவின் வீடு இன்னும் ஐந்து நிறுத்தம் தள்ளி. பஸ் நகரத் தொடங்கியது. "நிறுத்துங்க," என்று கத்தினார். கண்டக்டர் திட்டிக்கொண்டே விசில் ஊதினார்.

வெயிலில் அவர்களுக்குப் பின்னால் நடந்தார். மருந்துக் கடை, பஞ்சர் கடை, ஒரே மாதிரி நீலக் கேட் போட்ட வீடுகள். தாய் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் தடவை நின்றேவிட்டாள்.

"எதுக்குங்க பின்னாடியே வர்றீங்க? ஆளக் கூப்பிடவா?"

"பெட்டிய ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேம்மா. பூட்டு இருக்கான்னு மட்டும்."

"பைத்தியம்," என்றாள் அவள். கேட்டை 'டங்'கென்று சாத்தினாள். உள்ளே கொக்கி விழுந்தது.

அக்கா எதிர்ச் சுவரை ஒட்டிய நிழலில் நின்றார். போய்விடலாம் என்று பையைத் தோளில் மாட்டினார். மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். வீட்டுக்குள் பாத்திரம் உருளும் சத்தம், குழாயில் தண்ணீர் விழும் சத்தம். தாய் சமையலறையில் இருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, குழந்தைகள் ஓடும் சத்தம். பிறகு ஒரு சின்னப் பையனின் குரல், சுவரில் முகம் வைத்துக்கொண்டதுபோல் அமுங்கி வந்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

ஏழுக்குப் பிறகு தடுமாறி மறுபடி ஏழிலிருந்து எண்ணினான். பதினொன்று, பன்னிரண்டு. எங்கோ உள்ளே கனமான ஏதோ ஒன்று 'டப்'பென்று விழுந்தது. அடுப்படிக் கதவாக இருக்கலாம். தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

"இருபது! வரட்டுமா?"

பதில் இல்லை. கண்ணாமூச்சியில் யாரும் பதில் சொல்வதில்லை.

"அக்கா, வரட்டுமா?"

கத்தரியக்கா கேட்டின் மேல் கையை விட்டுக் கொக்கியைத் தூக்கினார்.